வெள்ளச்சியும் கருப்பியும்

பழவேற்காடு கால்நடை மருந்தகத்தில் நான் டாக்டராக இருந்தபோது, ஒரு காலை இருவர் ஒரே கூடையைப் பிடித்தபடி உள்ளே வந்தார்கள். ஒருவர் பக்கத்துக் குப்பமான தோணிரேவில் மீன் வியாபாரம் செய்யும் செல்வி. மற்றவர் ஐஸ் பேக்டரி ஆபரேட்டர் முனுசாமி. கூடைக்குள் கரும்பழுப்பாக ஒரு பூனை.

மழைக்காலத்துக்கு முன் காணாமல் போன தன் வெள்ளச்சி இதுதான் என்றார் செல்வி. நீலக் கண்ணும் நுனி மடங்கிய வாலும் அடையாளம். முனுசாமி விடவில்லை. பேக்டரியில் எலித் தொல்லை தீர்த்த அவருடைய கருப்பியாம் அது.

"உன் பூனை உடம்பு பால் வெள்ளைனு ஊருக்கே தெரியும். இது இன்னா கலரு, நீயே சொல்லும்மா."

பார்த்ததும் புரிந்துவிட்டது. சயாமீஸ் இனம். இதன் முடிக்குக் கருமை தரும் பொருள் உடம்புச் சூட்டில் வேலை செய்யாது, குளிர்ந்தால்தான் செய்யும். அதனால்தான் வழக்கமாக, சூடு குறைந்த காது, பாதம், வால் மட்டும் கறுத்திருக்கும். ஐஸ் அறையிலேயே படுத்துக் கிடந்ததில் புதிதாக முளைத்த முடியெல்லாம் கறுத்துவிட்டது. விளக்கிச் சொன்னேன். செல்விக்கே நம்பிக்கை வரவில்லை.

"மனுஷன் வெயில்ல கறுப்பான். பூனை குளிர்ல கறுக்குமா, டாக்டரம்மா?"

சோதித்துப் பார்க்கலாம் என்றேன். முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு முடியை மழித்தேன். அந்த இடம் சூடாகவே இருக்க, செல்வி பழைய கம்பளியில் ஒரு சட்டை தைத்தார். பூனை ஐஸ் பேக்டரியிலேயே இருக்கட்டும், சட்டை மட்டும் கழலக்கூடாது என்பது ஏற்பாடு. முடி வெளுப்பாக முளைத்தால் ஒத்துக்கொள்வதாக முனுசாமி வாக்குக் கொடுத்தார். கம்பளிச் சட்டையோடு எலி துரத்தும் பூனையைப் பார்க்க, ஐஸ் வாங்க வந்தவர்கள் வேலையை மறந்து நின்றார்கள். அது கடித்துக் குதறியதில் செல்வி இன்னொரு சட்டையும் தைக்க வேண்டியதாயிற்று.

சில வாரம் கழித்துச் சட்டையைக் கழற்றினோம். கறுத்த முதுகின் நடுவே சந்தன நிறத்தில் ஒரு திட்டு. முனுசாமி அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"உன்னுதுதான்மா. இட்டுனு போ," என்றவர், "அப்பப்ப வந்து பாத்துக்கிறேன்," என்றார்.

கோடை முடிவதற்குள் பூனை மறுபடி வெளுத்துவிட்டது. முனுசாமியும் அடிக்கடி தோணிரேவுக்குப் போய் வந்தார். வெள்ளைப் பூனையைக் கருப்பி என்று அவர் கூப்பிட, அதுவும் எழுந்து போகுமாம்.

இப்போது இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். காணாமல் போன பிராணியைத் தேடி யாராவது வந்தால், நிறத்தைக் கடைசியாகக் கேளுங்கள்.