வெள்ளிக்கிழமை கட்டாத பிரீமியம்

இலுப்பூரில் மாவு மில் வைத்திருக்கிறேன். என்னோடு சேர்த்து ஐந்து பேர். இரண்டு வருடம் முன்பு எல்லோருக்கும் மருத்துவ இன்சூரன்ஸ் போட்டேன். போட்டதைவிட, போட்டதைச் சொல்லிக்கொண்டதுதான் அதிகம். மிளகாய் அரைக்க வருகிறவர்களைக்கூட, "நம்ம ஆளுகளுக்கு கார்டு இருக்குல்ல" என்று சொல்லாமல் அனுப்ப மாட்டேன்.

பிரீமியம் வருடா வருடம் ஏறியது. அரவைக் கூலியில் நான் ஒரு ரூபாய் ஏற்றினால் ஊரே முகத்தைத் திருப்பும். இந்த வருடம் வந்த தொகையைப் பார்த்துவிட்டு ஏஜென்டைக் கூப்பிட்டேன்.

"கொஞ்சம் கொறைச்சுப் போடச் சொல்லுங்க தம்பி."

"அண்ணே, இது கத்திரிக்கா இல்ல. கம்பெனி ரேட்டு."

கெடு முடிந்தாலும் முப்பது நாள் அவகாசம் உண்டு என்றார். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. முப்பது நாளும் பேரம் பேசினேன். கடைசி நாள் அவரே போன் செய்தார். அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை எங்கள் கல்லாவிலிருந்து காசு வெளியே போகாது. அப்பா காலத்துப் பழக்கம். போனில் அனுப்பினாலும் போவது போவதுதானே?

"நாளைக்கு விடிஞ்சதும் மொத வேலையா போட்டுவிடுறேன் தம்பி."

சனிக்கிழமை பாலிசி காலாவதி. புதிதாக எடுக்கலாம், ஆனால் குடலிறக்க ஆபரேஷனுக்கு மறுபடியும் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். மிளகாய் மிஷின் ஓட்டும் அண்ணனுக்குக் குடலிறக்கம். இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு அந்த இரண்டு வருடத்தை அப்போதுதான் முடித்திருந்தார்.

விஷயத்தைச் சொல்ல நான் மிஷினை நிறுத்தினேன். அவர் முகத்து மிளகாய்த் தூளைத் துடைத்தார்.

"ஒங்க கார்டை நம்பித்தானே மொதலாளி வலியோட கெடந்தேன். சரி விடுங்க. பெரியாஸ்பத்திரியில சும்மாவே செய்வாங்க."

கோபப்பட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன். 'சரி விடுங்க' என்றுவிட்டார். அவர் இரண்டு வருடமாகக் காட்டிவந்த டாக்டரிடமே செய்யலாம், செலவு என்னுடையது என்றேன். பேரம் பேசிய தொகையைப் போல மூன்று மடங்கு ஆனது.

புதுக்கோட்டையில் அட்மிஷனுக்குக் கிடைத்த நாளும் வெள்ளிக்கிழமை. கவுன்டரில் நான் பணத்தை எடுத்தபோது, பக்கத்தில் பையோடு நின்ற அண்ணன் என் காதருகே குனிந்தார்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமையாச்சே மொதலாளி. நாளைக்கு வேணா வரட்டுமா?"

உள்ளே இருந்த பெண் பணத்துக்குக் கை நீட்டினாள். கொடுத்துவிட்டேன்.