பொடுதலையில் விழுந்த காலடிகள்

அந்தக் காலடிகளை முதலில் பார்த்தது நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருந்த லைட்ஹவுஸ் குப்பத்தில் எங்களுடையது கடைசி வீடு. அதன் பின்னால் பட்டணத்துக்காரர்கள் வந்து தங்கும் ஒரு விடுதி இருந்தது. விடுதியின் பின்கதவுக்கும் எங்கள் கொல்லைக் கதவுக்கும் நடுவே முப்பது அடி இருக்கும். குழாய் கசிந்து அந்த இடம் எப்போதும் ஈரமாகவே கிடக்கும். பொடுதலை பாய் விரித்ததுபோலப் படர்ந்திருக்கும். எங்களுக்கு அது உட்கார்ந்து கல்லாங்காய் ஆடும் இடம். விடுதிக்காரர்களுக்கோ பொடுதலைதான் முதல் எதிரி. வெயில் ஏற ஏறத் தழைக்கும் ஒரு ஜாதிப் புல்லைக் கொண்டுவந்து தோட்டம் முழுக்கப் பதித்திருந்தார்கள். சுவருக்கடியில் புகுந்த பொடுதலை அந்தப் புல்லை மூடிக்கொண்டே போனது. அதைப் பிடுங்குவதுதான் அம்மாவின் வேலை. இன்று பிடுங்கினால் அடுத்த வாரம் அதே இடத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும். அதனால் அம்மாவின் வேலைக்கு ஆபத்தில்லை என்று நைனா சொல்வார்.

அந்தக் கோடையில் அக்கா ஏழு மாத வயிற்றோடு பிரசவத்துக்கு வந்திருந்தாள். அதே சமயத்தில்தான் விடுதிக்குப் பொடுதலையைக் கொல்லும் மருந்தும் வந்தது. தோட்ட மேஸ்திரி காட்டூர்க்காரர்; வயலில் மருந்தடித்துப் பழகியவர். பின்கதவருகே நின்று அவர் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்ததை நான் ஒளிந்திருந்து கேட்டேன்.

"புல்லுக்கு ஒண்ணும் ஆவாதும்மா. அகல எல பூண்டத்தான் புடிக்கும். ஆனா அளவு மிஞ்சினா புல்லும் கருகிடும், பாத்துக்கோ. காத்து கெளம்பறதுக்கு முன்னாடி அடிச்சிடணும். உச்சி வெயில்ல கூடாது. பூட்ஸு, கையுறை இல்லாம தொடக் கூடாது. காயற வரைக்கும் ஒருத்தரும் மிதிக்கக் கூடாது. ஏரிப் பக்கம் ஒரு சொட்டு போவக் கூடாது."

ஒரே இடத்தில் பின்னிக் கிடக்கும் இரண்டு செடிகளில் எது புல், எது பொடுதலை என்று ஒரு தண்ணீருக்கு எப்படித் தெரியும்? அதைவிட, மனிதர்கள் அதற்குப் புல்லா பொடுதலையா என்று கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்டால் ஒளிந்திருந்தது தெரிந்துவிடும் என்று பேசாமல் வந்துவிட்டேன்.

மறுநாள் விடியற்காலையில் அம்மா மருந்தடிக்கப் போனாள். நான் குழாயடிக்குப் போய்த் திரும்பியபோது அவள் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு அக்காவின் காலை நீவிக்கொண்டிருந்தாள். அன்று நடந்தது என்று எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் காலை கொல்லைக் கதவைத் திறந்தேன். பொடுதலைக்கு நடுவே வெறுங்கால்கள் பதிந்திருந்தன. மண்ணில் பதியவில்லை, செடியிலேயே பதிந்திருந்தன. பாதத்தின் அளவுக்கு மட்டும் இலைகள் மஞ்சளாகி, தண்டுகள் கயிறு முறுக்கியதுபோல முறுகி மேலே தூக்கிக்கொண்டு நின்றன. சுற்றிலும் பச்சை. ஐந்து விரல்களும் தனித்தனியாகத் தெரிந்தன. ஏழு காலடிகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நான் இரண்டு முறை காலெடுத்து வைக்க வேண்டிய தூரம். விடுதிப் பக்கமிருந்து கிளம்பி, எல்லாம் எங்கள் கதவைப் பார்த்து வந்திருந்தன.

நான் போட்ட சத்தத்தில் அம்மாவும் நைனாவும் வெளியே வந்தார்கள். கூடவே ஓடிவந்த பக்கத்து வீட்டு அத்தை இரண்டு முறை குனிந்து பார்த்துவிட்டு, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"இன்னா அண்ணி இது? உள்ள வந்துகீது. வெளிய போவலையே."

அதுவரை எனக்கு அது தோன்றவில்லை. அவள் சொன்னதும் எல்லோரும் ஒருசேர வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தோம். உள்ளே அக்கா பாயில் உட்கார்ந்து வயிற்றின் மேல் இரண்டு கைகளையும் வைத்திருந்தாள்.

அன்று நைனா கடலுக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. கதவில் வேப்பிலை செருகினார்கள். வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். காலடிகளோ நாளுக்கு நாள் தெளிவாகிக்கொண்டே வந்தன. மஞ்சள் பழுப்பானது, பழுப்பு கறுத்தது. யாரும் வந்து மிதிக்காமலே அவை ஆழமாகிக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டு அத்தை தினமும் வந்து பார்த்து, இன்று குதிகால்கூடத் தெரிகிறது என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போவாள். அக்கா தூங்குவதை விட்டாள். புருஷன் வீட்டுக்கே போய்விடுகிறேன் என்று அழுதாள்.

அம்மா விடுதி வேலைக்குப் போகவில்லை. தரையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். காய்ந்ததும் மறுபடி கழுவினாள்.

காலடிகளைப் பார்த்த நான்காம் நாள் உச்சிப்பொழுது. எல்லோரும் கண்ணயர்ந்திருந்தார்கள். கதவிடுக்கில் பார்த்தேன். வெயில் வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது. காக்கைகூடக் கத்தவில்லை. விடுதிக் கதவருகே அம்மா தனியாக நின்றிருந்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்து, முதல் காலடிக்குள் தன் காலை வைத்தாள். அது மூடி போட்டதுபோலப் பொருந்தியது. அடுத்ததை எட்ட அவள் தாவ வேண்டியிருந்தது. தாவினாள். அதுவும் பொருந்தியது. அப்படியே ஒவ்வொன்றாக, வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு, கதவை நோக்கி வந்தாள். ஏழாவதில் கால் வைத்தபோது அவள் முகம் என் முகத்துக்கு நேரே இருந்தது.

"யாராண்டயும் சொல்லாத" என்றாள்.

நான் சொல்லவில்லை. உள்ளே வந்தது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதை வெளியே சொன்னால் அதற்கே கேட்டுவிடும் என்று பயந்தேன்.

அன்று சாயங்காலம் அக்காவை அனுப்ப ஆட்டோ வந்து நின்றது. நைனா பையைத் தூக்கிக்கொண்டிருந்தார். அம்மா ஏன் வேலைக்கு வரவில்லை என்று கேட்க வந்த மேஸ்திரி, கொல்லையில் கூடியிருந்தவர்களை விலக்கிப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. குந்தி உட்கார்ந்து முறுகிய ஒரு தண்டைக் குச்சியால் புரட்டினார்.

"இது மருந்து. ஈரக் காலோட யாரோ ஓடி வந்துக்கறாங்க." பிறகு அம்மாவைப் பார்த்தார். "உனுக்குக் குடுத்த பூட்ஸு எங்கம்மா?"

 எல்லோர் கண்களும் நைனாவின் காலில் இருந்த பூட்ஸுக்குப் போயின. அதற்கு முந்தின வாரம் ஏரியில் ஆளிச் சிப்பி ஓடு கிழித்து அவருக்கு உள்ளங்காலில் காயம். புண்ணில் உப்புத் தண்ணீர் படக்கூடாதென்று, விடுதியில் பழசைக் கொடுத்தார்கள் என்று சொல்லி, அம்மா அந்தக் கறுப்பு பூட்ஸை அவருக்குத் தந்திருந்தாள்.

"இன்னாமே இது?" என்றார் நைனா.

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பின்னாடி பின்னாடி நடந்துதான் அடிச்சினு வந்தேன். ஈரத்துல கால் வெக்கல. இவ அம்மானு கத்தினா. புள்ளைக்குத்தான் இன்னாவோனு அடிச்ச புல்லு மேலயே குறுக்கால ஓடியாந்துட்டேன். கெண்டக்கால் புடிச்சுக்கிச்சாம், அவ்ளோதான். அப்பறந்தான் காலப் பாத்தேன்."

"வாயும் வயிறுமா ஒரு பொண்ணு இருக்கற வூடும்மா!" என்று மேஸ்திரி அதட்டினார். அன்று கட்டியிருந்த புடவையை மற்ற துணியோடு சேர்த்துத் துவைத்தாளா, அக்காவை எந்தக் கையால் தொட்டாள், எத்தனை நேரம் கழித்துக் குளித்தாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மருந்து டப்பாவின் சீட்டையும் கையோடு கொடுத்து, அக்காவை அந்த ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே பார்த்துவிட்டு, பயப்படும்படி ஒன்றும் தெரியவில்லை, மாதாமாதம் தவறாமல் வந்து காட்டுங்கள் என்றார்கள். மேஸ்திரி மண்வெட்டியால் கொல்லைப் பொடுதலையைக் கொத்தி எடுத்துவிட்டார். அக்கா எங்கள் வீட்டிலேயே இருந்தாள். குப்பத்தில் அதன்பின் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

என்னைத் தவிர எல்லோருக்கும் விஷயம் முடிந்துபோயிற்று. காலடி எப்படி வந்தது என்று மேஸ்திரி சொன்னார். அம்மா ஏன் அப்படி ஆனாள் என்று அவர் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் எனக்குத் தலை பின்னவில்லை. சோற்றைப் பிசைந்து உருட்டிக் கையில் வைப்பதை நிறுத்தி, கரண்டியால் தட்டில் போட்டாள். அக்காவின் பாய்க்கு அருகே உட்காரமாட்டாள். வாசற்படியில் உட்கார்ந்தே பேசுவாள். நாளெல்லாம் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி விரல் நுனிகள் வெடித்திருந்தன. இதெல்லாம் அம்மா செய்கிறவையல்ல என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவளுக்குள் இருப்பதுதான் செய்கிறது.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆண் குழந்தை. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று கைக்குக் கை மாற்றிக் கொஞ்சினார்கள். நைனா வாங்கினார், பக்கத்து வீட்டு அத்தை வாங்கினாள், என் மடியிலும் சிறிது நேரம் வைத்தார்கள். அம்மா சுவரோரமாக, கைகளை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா குழந்தையை அவள் பக்கம் நீட்டினாள்.

நான் அக்காவின் காதருகே போய், "அம்மாவாண்ட குடுக்காத" என்றேன்.

ரகசியமாகத்தான் சொன்னேன். ஆனால் அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு நான் சொன்னது சரிதான் என்பதுபோல மெல்லத் தலையாட்டிவிட்டு, சுவர்ப் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். என் பேச்சைக் கேட்டு அது பயந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.