மீன் பார்க்கப் போறதுக்குத் தேங்காய் எதுக்கு?

காய்ச்சல் அடிச்சாலும் பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துக்குத் துரத்துற மனுசன், ஒரு புதன்கிழமை காலையில எழுந்து, "இன்னிக்கு லீவு போடுங்க, பெங்களூர்ல மீன் காட்சி பார்க்கப் போறோம்"னு சொன்னா, கட்டினவ சந்தோஷப்படணுமா, சந்தேகப்படணுமா? நான் சந்தேகப்பட்டேன். எண்பதுகள்ல நாங்க ஓசூர்ல ஒரு லைன் வீட்டுல குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குக் கம்பெனியில புதன்கிழமைதான் வார லீவு. அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்குவாரே தவிர, எங்களை ஏரிக்கரைக்குக்கூடக் கூட்டிட்டுப் போனதில்லை.

"அக்காவும் நேரா அங்கேயே வந்துடும்"னாரு. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கிட்டே சொன்னாரு, என் முகத்தைப் பார்க்கலை.

அவரோட அக்கா, எனக்கு அண்ணி முறை, பெங்களூர்ல வாக்கப்பட்டவங்க. கல்யாணமாகி வருஷக்கணக்காகியும் குழந்தை இல்லை. எங்களுக்கு மூணு. பெரியவன், நடுவுலவ, நாலு வயசுச் சின்னவ. எப்ப வந்தாலும் அண்ணி சின்னவளை மடியில போட்டுக்கிட்டு, "இவளை எனக்குக் குடுத்துடேன்"ம்பாங்க. நானும், "தாராளமா எடுத்துட்டுப் போங்க, ராத்திரியெல்லாம் உதைப்பா"ன்னு சிரிப்பேன். ஏதோ பேச்சுக்குச் சொல்றாங்கன்னு இருந்துட்டேன்.

பையைத் தூக்கினா கனத்துச்சு. புளிசாதப் பொட்டலத்துக்கு அடியில கையை விட்டுப் பார்த்தேன். மஞ்சள் பூசின தேங்காய் ஒண்ணு, வெத்தலை, பாக்கு, சின்னவளோட கவுன் ரெண்டு. பெரிய பிள்ளைங்களோடது ஒண்ணுகூட இல்லை.

எதுக்குன்னு எனக்குப் புரிஞ்சு போச்சு. எங்க பக்கம் சொந்தத்துக்குள்ள பிள்ளையைக் குடுக்கிறதுன்னா சும்மா தூக்கிக் குடுத்துட மாட்டாங்க. மஞ்சள் பூசின தேங்காயும் வெத்தலை பாக்கும் பிள்ளை கையில குடுத்து, வாங்கிக்கிறவ மடியில உட்கார வைப்பாங்க. அவ்வளவுதான், எழுத்தும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். அன்னியிலிருந்து பெத்தவளை அந்தப் பிள்ளை அத்தைன்னுதான் கூப்பிடும்.

"மீன் பார்க்கப் போறதுக்குத் தேங்காய் எதுக்குங்க?"

"அக்காவைப் பார்க்க வெறுங்கையோடவா போறது?"

"கவுனு?"

"பஸ்ல வாந்தி எடுப்பா இல்ல? தொணதொணன்னு கேட்டுட்டே இருக்காதே, கிளம்பு."

போகாம இருந்திருக்கலாமேன்னு கேப்பீங்க. நான் வரலைன்னா அவரு பிள்ளைங்களை மட்டும் இழுத்துக்கிட்டுப் போயிருப்பாரு! அதனால சின்னவளை என் மடியில இறுக்கி உட்கார வச்சுக்கிட்டுப் பஸ் ஏறினேன். அத்திப்பள்ளி தாண்டினப்போ அவரு, "குடு, நான் வச்சுக்கிறேன்"னு கையை நீட்டினாரு. குடுக்கலை. அவ வாந்தியும் எடுக்கலை.

மீன் காட்சி வாசல்ல அண்ணி நின்னுட்டிருந்தாங்க. பட்டுப்புடவை! மீனுக்கு எதுக்குப் பட்டுப்புடவை? கையில ஒரு ஜோடி புதுச் செருப்பு, சிவப்புக் கலர், சின்னவளுக்கு மட்டும். மத்த ரெண்டும் என்ன, வழியில கிடந்து எடுத்துட்டு வந்ததுங்களான்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

உள்ளே ஒரே இருட்டு. சுவரோரம் வரிசையா கண்ணாடித் தொட்டிங்க, அதுக்குள்ள மட்டும் வெளிச்சம். பெரியவனும் நடுவுலவளும் தொட்டிக்குத் தொட்டி ஓடிக் கண்ணாடியைத் தட்ட, காவல்காரரு "முட்டபேடி, முட்டபேடி"ன்னு, தொடாதீங்கன்னு கன்னடத்துல அதட்டிக்கிட்டே பின்னாடி வந்தாரு. என்னென்ன மீனுன்னு கேட்டா எனக்குச் சத்தியமா தெரியாது. கண்ணாடியில விழுந்த முகங்களைத்தான் பார்த்துட்டிருந்தேன். அவரு அக்காவைப் பார்க்கிறாரு. அக்கா சின்னவளைப் பார்க்கிறாங்க. என்னை யாரும் பார்க்கலை.

"கடலை வாங்கிட்டு வரேன்"னு பெரிசுங்க ரெண்டையும் கூட்டிக்கிட்டு அவரு மெதுவா வெளியே நழுவினாரு. சரி, இப்பத்தான் நடக்கப்போகுதுன்னு தெரிஞ்சு போச்சு.

"கை வலிக்குதும்மா"ன்னு சின்னவ சிணுங்கினா.

அண்ணி குனிஞ்சு என் கையைப் பார்த்தாங்க. அந்தப் பிஞ்சு மணிக்கட்டைச் சுத்தி என் விரலுங்க வெளுத்துப் போயிருந்துச்சு. கொஞ்ச நேரம் அதையே பார்த்துட்டு நிமிர்ந்தாங்க.

"ஏம்மா, நீ முழு மனசா சம்மதிச்சுட்டேன்னுதானே தம்பி சொன்னான்?"

"எங்கிட்ட யாரும் எதுவும் கேக்கலை அண்ணி."

அவங்க முகம் போன போக்கை இன்னிக்கும் என்னால சொல்ல முடியலை. காலையிலிருந்து அவங்களைத்தான் திருடி மாதிரி கண்காணிச்சுட்டு வந்தேன். திருட்டு எங்கிருந்து வந்துச்சு பாருங்க.

"என் மாமியார் எங்க வீட்டுக்காரருக்கு வேற பொண்ணு பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க. அதைக் கேட்டு இவன் பயந்துட்டான்"னாங்க. "இவளுக்குன்னு மெத்தைகூடத் தச்சு வச்சுட்டேன். நீயே வந்து உன் கையால குடுப்பேன்னு நம்பித்தான் புடவை கட்டிட்டு வந்தேன்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்துச்சு. அவங்களைப் பார்த்தா அழுகை, வெளியே கடலை வாங்கிட்டிருந்தவரை நினைச்சா ஆத்திரம். பாவம், அண்ணின்னு தோணின அந்த நிமிஷத்துலகூட, சத்தியமா, பிள்ளையோட கையை நான் விடலை.

அவரு பொட்டலத்தோட திரும்பி வந்து ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாரு. அண்ணி கீழே உட்கார்ந்து சின்னவளுக்குச் செருப்பை மாட்டிவிட்டாங்க. எங்க பைக்குள்ள கையை விட்டு அந்தத் தேங்காயை எடுத்து என் கையில வச்சாங்க.

"நாளைக்கு இவனுக்குச் சட்னி அரைச்சுப் போடு"ன்னாங்க. அப்புறம் திரும்பிப் பார்க்காம நடந்து போயிட்டாங்க.

பஸ்ல நான் அவரோட பேசலை. வீட்டுக்கு வந்தும் பேசலை. மறுநாள் காலையில முதல் வேலையா தேங்காயை உடைச்சேன். இட்லியும் சட்னியும் தட்டுல வச்சதும், அவரு விரலால சட்னியைத் தொட்டுட்டு அப்படியே நிறுத்திட்டாரு.

"அந்தத் தேங்காயா?"

"ஆமா, அதேதான். சாப்பிடுங்க"ன்னேன். "பிள்ளைங்களுக்கும் மிச்சம் வைங்க. மூணு பேருக்கும்."