ராக்கெட்டாரின் பன்னிரண்டு நிமிஷம்

தூசித் துணியை உதறிவிட்டு, தொலைநோக்கியின் மூக்கை ஜன்னல் பக்கமாக ஒரு விரற்கடை தூக்குகிறார் ராக்கெட்டார். இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்க்கிறார். திரும்பி வந்து அதே விரற்கடையை இறக்குகிறார். தினமும் இது நடந்த பிறகுதான் கதவு திறக்கும்.

விண்வெளிக்குப் போய்வந்த வீரர் ஒருவர் சிறுவயதில் வாழ்ந்த வீடு அது. இன்று நினைவில்லம். அதன் காப்பாளரும் வழிகாட்டியும் இவர்தான். ராக்கெட்டார் என்பது கடைத்தெரு கேலிக்கு வைத்த பெயர். அவர் விருதாக வாங்கிக்கொண்டார். முன்பு பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். வீரரை ஒரே ஒருமுறை, திறப்புவிழாக் கூட்டத்தில், பின்னந்தலையாகப் பார்த்திருக்கிறார். பேச்சில் மட்டும் தூக்கி வளர்த்தவர். "நம்ம தம்பி அப்பவே அப்படித்தான்" என்பார்.

பன்னிரண்டு நிமிஷத்தில் வீட்டைக் காட்டி முடிப்பார். யாராவது கேள்வி கேட்டால், "கடைசில கேளுங்க." கடைசி என்பது வாசலுக்கு வெளியே இருக்கும். வேலைக்கு வந்த புதிதில் இவர் சொன்ன கதையில், தம்பி பத்து வயதில் நட்சத்திரங்களை அடையாளம் காட்டினார். வருஷத்துக்கு வருஷம் வயது குறைந்து, இப்போது பால்குடி மறப்பதற்குள் காட்டிவிடுகிறார்.

போன மாதம் ஒரு காலையில் தனியாக ஓர் அம்மாள் வந்தார். அறுபதைத் தாண்டியவர். "ராத்திரி பூரா இந்த டெலஸ்கோப்புலதான் கண்ணு. இருட்டுதான் தம்பிக்குச் சிநேகிதன்" என்று ராக்கெட்டார் ஆரம்பித்ததும் அந்த அம்மாள் சிரித்துவிட்டார்.

"டெலஸ்கோப்பே எங்க வீட்ல இல்லீங்க. அவனுக்கு இருட்டுன்னா பயம். மாடிப்படி ஏறணும்னா நான் கூடப் போகணும்."

"பதினோரு வருஷமா இங்க இருக்கேன். எனக்குத் தெரியாதாம்மா?"

"நான் அவன் அக்கா."

ராக்கெட்டார் அசரவில்லை. "அடையாள அட்டை இருக்கா?" என்றார்.

'தம்பி படித்த மேஜை' என்று பலகை தொங்கிய மேஜையை அந்த அம்மாள் காட்டினார். இழுப்பறையைக் கவிழ்த்துப் பார்க்கச் சொன்னார். ராக்கெட்டார் பார்த்தார். ஒரு பெண்ணின் பெயர், காம்பஸ் முனையால் கீறியது. கீழே, 'யாரும் திறக்கக் கூடாது'.

"மேஜை என்னோடது. தனியாப் படுக்கப் பயந்துக்கிட்டு, நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் இதுக்கு அடியிலயே சுருண்டு கிடப்பான்."

ராக்கெட்டார் இழுப்பறையை அவசரமாகச் சொருகினார். வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"இதெல்லாம் வெளிய சொல்லாதீங்கம்மா. பிள்ளைங்க வர்ற இடம். மனசு விட்டுப்போயிடும்."

"பயந்த பிள்ளை எதுவும் இங்க வர்றதில்லையா? அவன் பயந்துக்கிட்டேதான் மேல போனான். அதைச் சொல்லுங்க."

"பலகையில அப்படிப் போடலியே" என்றார் ராக்கெட்டார்.

அந்த அம்மாள் மேஜையின் விளிம்பில் ஒருமுறை உள்ளங்கையை வைத்து எடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

மத்தியானம் ஒரு பள்ளிக்கூடமே வந்தது. வழக்கமாக 'இருட்டுதான் சிநேகிதன்' என்று தொடங்குகிறவர் அன்று கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினார். "காலையில தம்பியோட கூடப்பிறந்த அக்கா வந்திருந்தாங்க. இந்த டெலஸ்கோப்பைப் பாத்ததுதான் தாமதம், அப்படியே கட்டிப்பிடிச்சு அழுதுட்டாங்க."

வார்த்தையை அங்கே நிறுத்தி, சட்டைப் பையிலிருந்து மடிப்புக் கலையாத கைக்குட்டையை எடுத்து, ஈரமில்லாத கண்ணில் ஒற்றிக்கொண்டார்.