மரகதம் டீச்சர் கொண்டுவந்த பாடு

நம் குப்பத்து ஜனங்களுக்கும், ஏலம் எடுக்க வருகிற வெளியூர் வியாபாரிகளுக்கும் தேசப்பன் எழுதுவது. முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கோடு போட்ட தாள்தான், ஆனாலும் எழுத்து கோட்டில் நிற்க மாட்டேன் என்கிறது. துடுப்புப் பிடித்த கை, பேனாவையும் துடுப்பைப் போலவே அழுத்துகிறது. தாளின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பொழுது ஆகிறது. எழுதி முடித்து ஏலக் கொட்டகைத் தூணில் ஒட்டப் போகிறேன். நின்று பொறுமையாகப் படியுங்கள்.

எழுத்துக் கூட்டத் தெரிந்த நாளிலிருந்து நான் எதையும் விடுவதில்லை. அரிசி மூட்டை, மாத்திரை அட்டை, பஸ்ஸின் பின்புறம், பிரியாணிக் கடைப் பலகை, எதைப் பார்த்தாலும் படிக்கிறேன். கிழவனுக்கு முற்றிவிட்டது என்று என் மகன் சொல்கிறான். சொல்லட்டும். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒருநாள் மருந்து வாங்கப் பழவேற்காடு போயிருந்தேன். பஸ் நிற்கிற இடத்தில் புதிதாக ஒரு பேனர். மேல் வரியில் ‘கண்ணீர்’ என்று கூட்டிவிட்டேன். யாரையும் கேட்காமல் படித்துவிட்டதில் சிரிப்பு வந்தது. ‘அஞ்சலி’யும் வந்தது. யாரோ பெரிய மனிதர் போலிருக்கிறது என்று அடுத்த வரிக்குப் போனேன். ம, ர, க, த, ம். சிரித்த வாய் அப்படியே நின்றது. தப்பாகப் படித்திருப்பேன் என்று மறுபடி முதலிலிருந்து படித்தேன். தப்பில்லை. முன்பெல்லாம் சாவுச் சேதியை யாராவது வந்து சொல்வார்கள். வாய் திறக்கும் முன் அவர்கள் முகம் சொல்லிவிடும். இந்தச் சேதிக்கு முகமே இல்லை.

பேனரில் டீச்சர் படம் மேலே ஒரு மூலையில். கீழே நம் ஊர் முக்கியஸ்தர்கள் வரிசையாகக் கைகூப்பி நிற்கிறார்கள். நடுவில் நம் ஊர்ப் பெரியவர் கன்னியப்பன் படம், டீச்சர் படத்தைவிடப் பெரிது. ‘எங்கள் கல்விக் கண் திறந்த தாயே’ என்று அச்சடித்திருந்தது. கன்னியப்பன் கண் எப்போது திறந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

படத்திறப்பு அன்று மைக் என் பக்கம் வரவில்லை. வந்தவர்கள் எல்லோரும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். பெற்றோரையும் ஊரையும் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர் மரகதம் டீச்சர் என்றார்கள். உண்மைதான். உள்ளே வந்த ஊர் எப்படி வெளியே போனது என்பதை ஒருவரும் சொல்லவில்லை. அதை நான் எழுதிவிடுகிறேன்.

அவர் தலைமையாசிரியையாக வருவதற்கு முன்பும் நம் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் உண்டு. காகிதத்தில் உண்டு. பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் என்று சொல்லி அனுப்புவார்கள். அந்த நேரத்தில் ஆண்கள் ஏரியில் இருப்பார்கள், இல்லையென்றால் ராத்திரி முழுக்க வலை இழுத்த அலுப்பில் தூங்குவார்கள். பெண்கள் கூடையோடு பொன்னேரி மார்க்கெட்டில் இருப்பார்கள். மறுநாள் யாராவது காகிதத்தை வீடு வீடாகக் கொண்டுவருவார்கள். தெரிந்தவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். நான் பெருவிரலை வைத்துவிட்டு மையைத் தலையில் துடைத்துக்கொள்வேன்.

டீச்சர் வந்த புதிதில் ஒருநாள் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு இதே கொட்டகைக்கு வந்தார். ஏலம் முடியும்வரை ஓரமாக நின்றார். புடவையெல்லாம் மீன் தண்ணீர் தெறித்தது.

“இன்னா டீச்சர், எறா வோணுமா?” என்று ஒருவன் கேட்டான்.

“எறா அப்புறம். போன கூட்டத்துக்கு நீங்க வந்தீங்களா தம்பி? இதுல உங்க கையெழுத்து இருக்கே?”

“கையெழுத்து வந்துச்சி டீச்சர். நாந்தான் வரல.”

கொட்டகையே சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். “இப்ப எல்லாரும் இங்கதானே இருக்கீங்க? கூட்டத்த ஆரம்பிச்சிடலாம்” என்றார். அன்று முதல் பெற்றோர் கூட்டம் இங்கேதான் நடந்தது. ஐஸ் உடைக்கிற சத்தத்துக்கு நடுவே அவர் தொண்டை கிழியப் பேசுவார்.

அதற்கப்புறம்தான் பாடு வந்தது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஏரியில் இறால் வலை கட்டத் தோதான இடம் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே இடத்தில் இறங்கினால் மண்டை உடையும். அதனால் ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, எந்த வீட்டுக்காரன் எந்த நாள் எங்கே இறங்கலாம் என்று முறை வைப்போம். அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். என் பாடு நாளில் என் இடத்தில் வேறு எவனும் இறங்கக் கூடாது. காய்ச்சலில் கிடப்பவனும் தன் பாடு நாளில் எழுந்து போவான்.

கோயில் வாசலில் ஊர்க்கூட்டம் நடக்கும்போது டீச்சர் வந்து நின்றார். பெண்கள் வந்து நிற்கிற இடமில்லை அது. வாத்தியார் என்பதால் விட்டார்கள்.

“உங்க பாடு நாள யாராவது மறந்தது உண்டா?” என்று கேட்டார்.

“அத்த எவன் டீச்சர் மறப்பான்? சோறாச்சே!”

“அப்ப பள்ளிக்கூடத்தையும் ஒரு பாடா வச்சுக்குங்க. ஒரு நாளைக்கு ஒரு வீடு. வந்து உக்காரட்டும்.”

“ஒக்காந்து? நாங்க இன்னா, அ ஆ சொல்லித் தரப் போறமா?”

“எந்தப் பிள்ளைங்க வரலயோ அதுங்க வீட்டுக்குப் போய்க் கேளுங்க. மதியச் சோத்த ஒரு வாய் தின்னு பாருங்க. ஏதாவது ஒரு பிள்ளை படிக்கிறதக் கேளுங்க. அது போதும்.”

வராதவனுக்கு அபராதம் போடலாம் என்று ஊர் சொன்னது. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. “அபராதம் போட்டா கட்டிட்டு வராம இருந்துடுவீங்க. எனக்கு ஆளு வேணும்” என்றார். பள்ளிக்கூட வாசலில் ஒரு பெஞ்சு போட்டார். பாடுக்காரன் அதில் உட்கார வேண்டும்.

முதல் வாரத்திலேயே கன்னியப்பனுக்குப் பாடு வந்தது. அப்போது அவர் ஊர்ப் பெரியவர் ஆகவில்லை. சலவை வேட்டி கட்டி வந்து பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். ஏழுமலை தன் மகன் வரைந்த படத்தைப் பார்க்க உள்ளே போகப் பார்த்தார்.

“யோவ், எங்கய்யா போற? இன்னிக்கி எம் பாடு. நீ எறங்கக் கூடாது.”

“எம் புள்ள வரஞ்சத பாக்கப் போறேன்யா.”

“உன் பாடு அன்னிக்கி வந்து பாரு. ஊர்ல சொல்லட்டா?”

ஏழுமலையும் திரும்பி நடந்துவிட்டார். ஏரியில் அதுதானே நியாயம்! டீச்சர் சாக்பீஸ் கையோடு ஓடிவந்து அவரைத் தெருவிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார். “கன்னியப்பண்ணே, இது ஏரி இல்ல. இங்க பாடு இல்லாதவங்களும் எறங்கலாம்” என்றார். ரொம்ப நாளைக்கு நம் ஊரில் அது ஒரு கேலிப் பேச்சாக இருந்தது. விருந்துக்கு அழைக்காத வீட்டுக்குப் போனாலும் பாடு இல்லாமல் இறங்கிவிட்டேன் என்று சொல்லிச் சிரிப்போம்.

என் மகன் கடலுக்குப் போகிறவன். எங்கள் வீட்டுப் பாடு நாளில் நான்தான் போவேன். ஒரு சின்னப் பெண் புத்தகத்தோடு என் முன்னால் வந்து நின்றாள். எனக்கு வியர்த்துவிட்டது.

“டீச்சர், இது சரியா படிக்குதா தப்பா படிக்குதான்னு எனக்கு இன்னா தெரியும்?”

“சரி தப்பு பாக்க நாங்க இருக்கோம் நைனா. நீங்க கேட்டா போதும். கேக்க ஆளிருந்தா பிள்ள படிக்கும்.”

அவர் என்னை நைனா என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பெண் விரல் வைத்துப் படித்தாள். நான் அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த முறையும் பார்த்தேன். பிறகு பாடு இல்லாத நாளிலும் போனேன். எனக்கு எழுத்து வந்த கதை இவ்வளவுதான்.

எங்கள் பக்கத்து வீடு செல்வியுடையது. முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து அவள் புருஷன் செத்துப்போனான். ஆண் இல்லாத வீட்டுக்கு ஏரியில் பாடு கிடையாது என்பது நம் ஊர் வழக்கம். ஆனால் அவள் மகள் பள்ளிக்கூடத்தில் படித்தாள். டீச்சர் எங்கள் வீட்டுக்கு அடுத்து செல்வி வீடு என்று முறை வைத்தார். செல்வியைப் போல் அந்த பெஞ்சில் உட்கார்ந்தவர் யாருமில்லை. வராத பிள்ளையின் வீட்டு வாசலில் நின்று அவள் போடுகிற சத்தத்தில் பிள்ளை புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடும்.

இதற்குள் கன்னியப்பன் ஊர்ப் பெரியவர் ஆகியிருந்தார். ஊர்க்கூட்டத்தில் அவர்தான் பேச்சை எடுத்தார். “அங்க பாடு குடுத்தா நாளைக்கி ஏரில கேப்பா. செல்வி வீட்ட எடுத்துடுங்க டீச்சர். மத்தது நடக்கட்டும்.”

“கேட்டா இன்னா அண்ணே?” என்றார் டீச்சர்.

அவரைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு வீட்டை மட்டும் விட்டுவிடுங்கள், ஊரே வரும் என்று சிலர் சொல்லிப் பார்த்தார்கள். “அவ வீட்ட விட்டுட்டா, அவ பொண்ணு யாருக்குப் படிச்சிக் காட்டும்?” என்று கேட்டார். பதில் இல்லாத ஊர், பள்ளிக்கூடப் பாடு இனிமேல் கிடையாது என்று தீர்மானம் போட்டது. மீறி உட்கார்ந்தால் ஏலத்தில் கூடை வைக்க விடமாட்டோம் என்று செல்வியிடம் சொல்லப்பட்டது. கூடை இல்லாவிட்டால் அடுப்பு எரியாது. அவள் நின்றுவிட்டாள். என்னை யாரும் தடுக்கவில்லை. கிழவன் எழுத்துப் படிக்கப் போகிறான் என்று சிரித்து விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு பணி ஓய்வு பெறும்வரை டீச்சர் இங்கேதான் இருந்தார். தினமும் அனுப்பம்பட்டில் ரயிலேறி, பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்து வருவார். வந்ததும் முதல் வேலையாக அந்த பெஞ்சைத் துடைப்பார். நம் ஊரார் எதிரே வந்தால் வணக்கம் வைப்பார்கள். பழமும் இறாலும் கொடுத்து அனுப்புவார்கள். உட்கார மட்டும் என்னைத் தவிர யாரும் வரமாட்டார்கள்.

“இன்னும் யாரு வரப் போறாங்கன்னு தொடைக்கிறீங்க டீச்சர்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“வந்தா தூசில உக்காரக் கூடாதே நைனா.”

இப்போது கூட்டக் காகிதம் மறுபடி வீடு வீடாக வருகிறது. போன முறை என்னிடம் வந்தபோது வாங்கி முழுவதும் படித்தேன். கொண்டுவந்தவர் காலை மாற்றி மாற்றி நின்றார். ‘கூட்டத்தில் கலந்துகொண்ட பெற்றோர் அனைவரும் ஒருமனதாக’ என்று இருந்தது. “நான் வரலியேப்பா” என்று திருப்பிக் கொடுத்தேன். கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட பிறகு நான் போடாத முதல் கையெழுத்து அது.

படத்திறப்பு நடக்கும்போது செல்வி பந்தலுக்கு வெளியே கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே கன்னியப்பன் மாலை போட்டார், மைக்கில் அழுதார். ஊரும் அழுதது. வா, உள்ளே வந்து உட்கார் என்று அவளை யாரும் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டேன். அவள் தலையை ஆட்டிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

மரகதம் டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது எழுத்தை மட்டும் என்று நினைக்காதீர்கள். ‘கேட்டா இன்னா அண்ணே?’ என்ற அவர் கேள்வியும் என்னிடம்தான் இருக்கிறது. நம் ஊர் இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்லும்வரை அது என்னிடம் இருக்கும்.

பள்ளிக்கூடத்துப் பாடு முறை எனக்கு மறக்கவில்லை. வருகிற திங்கட்கிழமை எங்கள் வீடு. நான் போய் பெஞ்சைத் துடைத்து உட்காருவேன். செவ்வாய்க்கிழமை செல்வி வீடு. அவள் வந்தால் உட்கார இடம் இருக்கும். வராவிட்டால் அவளுக்காகவும் நானே உட்காருவேன். புதன்கிழமை கன்னியப்பன் வீடு. அவருக்கும் துடைத்து வைக்கிறேன்.

இந்தத் தாளை யாராவது கிழித்துப் போடுவார்கள் என்று தெரியும். கிழியுங்கள். அடுத்த வாரம் இதே தூணில் மறுபடி எழுதி ஒட்டுவேன். எனக்கு எழுதத் தெரியும்.