என்னை மறுபடி ஏசிய நாள்

எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. யோசிப்பு நிற்கவில்லை. சின்ன வயதிலிருந்தே நான் அப்படித்தான். பஸ் வருமா என்று யோசிப்பேன். வந்தால், ஏன் இவ்வளவு வேகமாக வருகிறது என்று யோசிப்பேன். எண்பதுகளின் நடுவில் பாரிசுக்கு வந்தபோது அந்தக் குணமும் கூடவே வந்தது.

ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் வடக்குத் தொங்கலில், லாச்சப்பல் பக்கமாக, ஆறாம் மாடியில் ஒரே அறையில் ஐந்து பேர் இருந்தோம். எல்லோரும் யாழ்ப்பாணத்துப் பெடியள். மூத்தவரை அண்ணை என்போம். சமையலுக்கு முறை வைத்திருந்தோம். யாருடைய முறையோ அவன் சமைப்பான். மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டே அவனை ஏசுவார்கள். கறி நன்றாக இருந்தாலும் ஏச்சு உண்டு. ஏச்சு வாங்காமல் ஒருவரும் அங்கே சமைத்ததில்லை.

நான் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் நெஞ்சை யாரோ பிடித்து முறுக்குவதுபோல் வந்தது. மூச்சு வரவில்லை, கை விறைத்தது. செத்துப்போகிறேன் என்றே நினைத்தேன். ஆஸ்பத்திரியில் இருதயத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அது என்னை இன்னும் பயப்படுத்தியது. இவ்வளவும் செய்கிற ஒன்றுக்குப் பெயர் ஒன்றுமில்லையா? பிறகு மெத்ரோ ரயிலில் வந்தது. அதன்பின் மெத்ரோவை விட்டேன், வேலையை விட்டேன், படியிறங்குவதையே விட்டேன். பயப்படுவதற்கு அறைக்குள் காஸ் அடுப்பு ஒன்றுதான் மிச்சம். அதைப் பூட்டினேனா இல்லையா என்று எழும்பி எழும்பிப் பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் பெடியள் சிரித்தார்கள். பிறகு பயந்தார்கள். ஒருநாள் அண்ணை என் தோளில் கைவைத்து, “நீ இனிச் சமைக்க வேண்டாம். சும்மா இரு, நாங்கள் பாக்கிறம்” என்றார். அன்பாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து சோற்றைக் கோப்பையில் போட்டுக் கையில் தந்தார்கள். ஏச்சும் நின்றுவிட்டது. நான் திரும்பிப் பார்த்தால் பகிடியைப் பாதியில் நிறுத்தினார்கள், செத்தவீட்டில் பேசுவதுபோல் மெல்லப் பேசினார்கள். சமைக்காதவன் எப்படிச் சாப்பிடுவது? சோறு தொண்டையில் இறங்கவில்லை. காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை.

அண்ணைதான் கையைப் பிடித்து என்னை மனநல மருத்துவ நிலையத்துக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்த டொக்டர் குளிசை எழுதினார். ஆனால் அடுத்த தடவை வரும்போதும் இப்படியே மெலிந்திருந்தால் மனநல ஆஸ்பத்திரியில் படுக்கவேண்டி வரும் என்றும் சொன்னார். அதை எனக்குத் தமிழில் சொன்னவர் அங்கே வேலை செய்த தாதி, பாண்டிச்சேரிக்காரர். எங்கள் ஊரில் அப்படி ஓர் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லியே ஆளை முடித்துவிடுவார்கள். உள்ளே போனால் திரும்பி வரமாட்டேன் என்று எனக்கு நிச்சயம்.

சில நாள் கழித்து அந்த அக்கா எங்கள் அறைக்கே வந்தார். கதவு தட்டியதும் எங்களில் விசா இல்லாதவன் கட்டிலுக்குக் கீழே புகுந்துவிட்டான்.

“ஆறு மாடி, லிஃப்ட்கூட இல்ல. போலீஸ் இதுக்கெல்லாம் ஏறி வருவாங்களா? வெளிய வாங்க தம்பி” என்றார் மூச்சு வாங்கியபடி.

வெள்ளை உடுப்பு இல்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு அரிசிச் சாக்கின்மேல் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார். பெடியள் கொஞ்ச நேரத்தில் அவரை மறந்து, அன்று சமைக்கவேண்டியவனை வழக்கம்போல் வாரத் தொடங்கினார்கள். என்ன செய்கிறது என்று என்னைக் கேட்பார் என்று பதிலைப் பாடமாக்கி வைத்திருந்தேன். அவர் அண்ணையிடம் கேட்டது வேறு.

“இவரு முறை எப்போ?”

“அவருக்கு முறை இல்லை அக்கா. அவர் வருத்தக்காரன்.”

“என்ன, கையிலயா வருத்தம்?”

அண்ணையின் முகம் சுருங்கியது. “காஸைத் திறந்துவிட்டு ஏதும் நடந்தா? அவன் நல்லா இருக்கோணும் எண்டுதானே...”

“தெரியும் தம்பி. நீங்க இல்லேன்னா இவரு எப்பவோ ஆஸ்பத்திரியில இருப்பாரு. ஆனா இங்க எல்லாரும் திட்டு வாங்குறீங்க. இவர மட்டும் ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல.”

அக்கா என் பக்கம் திரும்பினார். “இன்னிக்கு நீங்க செய்யுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்.”

கத்தரிக்காயைக் கோணலும் மாணலுமாக வெட்டினேன். அவர் கத்தியை வாங்கவில்லை, எனக்காக அடுப்பை மூட்டவுமில்லை. நெஞ்சு இறுகுது என்றேன்.

“எதுவரைக்கும் வந்திருக்கு?” வெள்ளம் எதுவரை வந்தது என்பதுபோல் கேட்டார்.

“தொண்டை மட்டும் வந்திட்டுது.”

“சரி, அது பாட்டுக்கு இருக்கட்டும். வெங்காயம் கருகுது பாருங்க.”

கிண்டினேன். கொஞ்சம் கழித்து நினைத்துப் பார்த்தால் தொண்டையில் இல்லை. எப்போது போனது என்று தெரியவில்லை.

இறக்கி வைத்ததும், “அக்கா, காஸ் பூட்டினனானோ?” என்றேன்.

“பூட்டினது நீங்க. எங்கிட்டக் கேட்டா?”

“ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோவன்.”

“நான் சொன்னா இன்னிக்குப் பயம் போயிடும். நாளைக்கு நான் இருக்க மாட்டேனே.”

அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதுகு முழுக்க எரிந்தது. எல்லோரும் முதல் வாய் வைத்தார்கள். வைத்த கை அப்படியே நின்றது. அடுப்பையே நினைத்துக்கொண்டு உப்பை இரண்டு தரம் போட்டிருக்கிறேன்.

“நல்லா இருக்கு” என்றார் அண்ணை, மெல்ல.

கட்டிலுக்குக் கீழிருந்து வந்தவனால் தாங்க முடியவில்லை. “என்னண்ணை நல்லா இருக்கு? ஆனையிறவு உப்பளம் முழுக்க இதுக்கைதான் கிடக்கு!”

“உன்ரை முறையைப் பறிச்சது நியாயம்தானடா!” என்றான் இன்னொருவன்.

அண்ணை பதறிப்போய் என்னைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா கிளாஸ் கிளாஸாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நீ வைக்கிற பருப்பை நாய் தின்னுமோடா?” என்றேன். அறையே அதிர்ந்தது. அந்தக் கூச்சலுக்குள் என் கோப்பை காலியாகியிருந்தது. எனக்கே பிறகுதான் தெரிந்தது.

அன்று அண்ணை என் முறையைத் திருப்பித் தந்தார். தப்பாகத் தந்த அன்பை மாற்றித் தருவதற்கும் பெரிய மனது வேண்டும்; அவருக்கும் என் நன்றி உண்டு. அக்கா அதற்குப் பிறகும் வந்தார். ஒருபோதும் அடுப்பைத் தொட்டதில்லை.

டொக்டரிடம் போகிற நாள், “ஏறி வரமாட்டேன், முட்டி வலிக்குது. நீங்க இறங்கி வாங்க” என்று அக்கா சொல்லியனுப்பினார். படியிறங்கி நடந்தே போனேன். அண்ணை பின்னால், கடைக் கண்ணாடிகளைப் பார்ப்பதுபோல் பாசாங்கு செய்துகொண்டு வந்தார். டொக்டர் என்னைத் தராசில் நிறுத்தினார். அக்கா பிரெஞ்சில் நெடுநேரம் என்னவோ சொல்ல, டொக்டர் சிரித்தார். ஆஸ்பத்திரி வேண்டாம் என்றார்.

வாசலில் நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். யோசிப்புக்காரன் நான், கேட்டது இதைத்தான்:

“அக்கா, திரும்பவும் வந்தா?”

“வரும் தம்பி” என்றார் அவர். “வந்தா, நீங்களும் இங்க வாங்க.”

வராது என்று சொல்லாமல் விட்டாரே, அதற்காகத்தான் இன்றைக்கும் அவரை நினைக்கிறேன்.