சொல்லிக்கொள்ளாமல் அணைத்த சுவிட்ச்

என் மேசைக்குக் கீழே ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டு கிடக்கிறது. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்தது; இப்போது வெற்றிலை போடுகிறவர் பல்லின் நிறம். ஓரத்தில் ஒரு சிவப்பு சுவிட்ச். அதைத் தட்டினால் மேசைமேல் இருக்கும் சோதனைப் பெட்டி அந்தக் கணமே செத்துவிடும். சுத்தம் செய்ய வரும் அக்கா இதைக் குப்பையில் போடப் பார்த்தபோது, "ஐயோ அக்கா, அது என்னோட சொத்து லா, வச்சிருங்க" என்று பிடுங்கிக்கொண்டேன். அந்தச் சுவிட்சைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் மேலாளரின் கட்டைவிரல் ஞாபகத்துக்கு வரும். கூடவே கோபமும் வரும். கோபம் அவர்மேல் இல்லை.

அவரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். சூலியா தெருவில் அவர் தம்பி நடத்தும் நாசி கண்டார் சோற்றுக்கடைக்கு மேல்மாடியில் குடும்பத்தோடு இருந்தார். முன்கோபக்காரர். கத்திவிட்டு ஐந்து நிமிடத்தில் நுரைக்க ஆற்றிய தே தாரிக் டீ வாங்கிக்கொண்டு வந்து நிற்பார். அவருக்கு ஒரு பழக்கம்: சொல்லிக்கொள்ளாமல் எங்கிருந்தும் கிளம்பமாட்டார், அதுவும் ஒரு தடவை சொன்னால் அவருக்குப் போதாது. நாற்காலியைவிட்டு எழும்போது ஒரு "வரட்டா", கதவருகே ஒரு "வரட்டா", லிஃப்ட் மூடும்போது கையை இடுக்கில் நீட்டி இன்னொரு "வரட்டா". தொலைபேசியிலும் இதே கதைதான். "அண்ணே, நீங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ள நாங்க வீட்டுக்குப் போய்த் தூங்கிருவோம்" என்று கிண்டல் செய்வேன். "சொல்லாம போறது ஓடிப் போறவன் பழக்கம்மா" என்பார்.

எங்கள் அலுவலகம் ஜெலுத்தோங்கில், கீழே மோட்டார் பட்டறைகள் இரையும் ஒரு கட்டடத்தின் மேல்தளத்தில் இருக்கிறது. சிறிய கிளினிக்குகளுக்கு எக்ஸ்ரே படங்களைச் சேமித்துவைக்கும் பெட்டிகளைச் செய்து கொடுக்கிறோம். பெட்டிக்குள் ஒரு டிஸ்க். அதை ஆளுவது கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி. பெட்டி எழும்போது கெர்னல் டிஸ்க்கை அடையாளம் கண்டு திறக்கவேண்டும். அந்தத் திறப்புக்குத்தான் மவுண்ட் என்று பெயர். அது நடக்காவிட்டால் உள்ளே இருக்கும் படங்கள் இருந்தும் இல்லாதவைதான். கெர்னல் என் பொறுப்பு. எல்லாப் பெட்டிகளையும் புதிய கெர்னலுக்கு மாற்றலாம் என்று முடிவெடுத்தவர் அண்ணன்.

அப்படி மாற்றிய வருடம் மழைக்காலத்தில் ஒரு காலை, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சுங்கை பாக்காப்பிலிருந்து ஒரு டாக்டரம்மா கூப்பிட்டார். முந்தின நாள் இடி விழுந்து மின்சாரம் போயிருக்கிறது. திரும்பி வந்தபோது பெட்டி எழுந்தது, டிஸ்க் திறக்கவில்லை. "எல்லாப் படமும் இப்ப வேணாம். ஒரே ஒரு ஆளோடது வேணும்" என்றார். தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவருக்கு நுரையீரலில் ஒரு புள்ளி தெரிகிறது. மறுநாள் காலையே பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து அதை எடுக்க ஏற்பாடாகிவிட்டது. ஆனால் சில வருடங்களுக்கு முன் அதே கிளினிக்கில் எடுத்த அவருடைய பழைய படம் இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அதிலும் அந்தப் புள்ளி அதே அளவில் இருந்தால் அது எப்போதோ ஆறிப்போன தழும்பு, கத்தி வைக்கவேண்டியதில்லை. படம் கிடைக்காவிட்டால் வைத்தே ஆகவேண்டும். சாயங்காலம் கிளினிக் மூடுவதற்குள் அந்தப் படத்தைப் பார்க்கவேண்டும் என்றார்.

பழைய கெர்னலுக்கே திரும்பிவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். முடியாது. புதியது முதல் தடவை திறந்தபோதே டிஸ்க்கின் தலையில் ஒரு புது முத்திரையைப் பதித்துவிட்டது. அதைப் பார்த்தால் பழையது கிட்டவே வராது. பழுதுபார்க்கும் கருவியை ஓடவிடுங்கள் என்றார் எங்கள் நிறுவனத்தின் இயக்குநர். அது இன்னும் மோசம். இடி விழுந்த நேரத்தில் பெட்டி பழைய வருடங்களின் படங்களை வேறு அடுக்குக்கு மாற்றிக்கொண்டிருந்தது. பாதியில் நின்ற வேலையை எப்படி முடிப்பது என்ற குறிப்பு டிஸ்க்கின் ஒரு மூலையில் எழுதியிருக்கும். கருவி முதல் காரியமாக அதைத் துடைத்துவிடும். டிஸ்க் திறக்கும், நமக்கு வேண்டிய படம் மட்டும் இருக்காது. "பெட்டிய ஆஃப் பண்ணிருங்க டாக்டர். நான் சொல்றவரைக்கும் யாரும் கை வைக்கக்கூடாது, நீங்களும்தான்" என்று அண்ணன் சொன்னபோது அவர் குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நோயாளிகளின் படங்கள் கிளினிக்கைவிட்டு வெளியே போகக்கூடாது என்பது டாக்டரம்மாவின் கண்டிப்பான விதி. ஆகவே அதே கோளாறை எங்கள் மேசையில் நாங்களே உண்டாக்கியாகவேண்டும். அப்படி உண்டாக்க முடிந்தால்தான் இரண்டு கெர்னல்களுக்கும் நடுவே நடந்த ஆயிரக்கணக்கான மாற்றங்களைப் பாதி பாதியாகக் கழித்து, எது குற்றவாளி என்று பிடிக்க முடியும். அதே மாதிரிப் பெட்டி, அதே கெர்னல், போலிப் படங்கள். படங்களை இடம் மாற்றச் சொல்லிவிட்டு, நடுவில் மின்சாரத்தை வெட்டவேண்டும். நான் ஒரு பக்கம் நடுவிலுள்ள கெர்னல்களைத் தயார் செய்துகொண்டிருந்தேன். வெட்டுகிற வேலையை அண்ணன் எடுத்துக்கொண்டார். மேலாளரான பிறகு விசைப்பலகையைத் தொடுவதே அபூர்வமாகிவிட்ட மனிதர், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

வெட்டினார். பெட்டி எழுந்தது. டிஸ்க் சமர்த்தாகத் திறந்தது. மறுபடி வெட்டினார், மறுபடி திறந்தது. முற்பகல் முழுவதும் இதே பிழைப்பு. ஒன்றும் கெடாமல் இருப்பதைப் பார்த்து அவ்வளவு வயிற்றெரிச்சல் பட்டது அன்றைக்குத்தான். நடுவில் டாக்டரம்மா கூப்பிட்டார்; அந்த மனிதர் மகளோடு வந்து கிளினிக்கில் உட்கார்ந்திருக்கிறாராம். இயக்குநர் கூப்பிட்டு, கருவியை ஓடவிடாமல் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். அண்ணன், "என் தலைமேல போட்டுக்கிறேன் பாஸ்" என்று சொல்லிவிட்டு, போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். சாப்பிட யாரும் எழவில்லை.

அப்போதுதான் தற்செயலாகத் திரும்பி அவர் கைகளைப் பார்த்தேன். வலது கட்டைவிரல் சிவப்பு சுவிட்சின்மேல் இருந்தது. இடது கை விசைப்பலகையில் என்னவோ தட்டியது. அப்புறம்தான் சுவிட்ச் அணைந்தது.

"அண்ணே, இப்ப என்ன அடிச்சீங்க?"

"நானா? ஒண்ணும் அடிக்கலையே."

"இல்ல, அடிச்சீங்க. இன்னொரு தடவ செய்ங்க, பாப்போம்."

செய்தார். மூன்று முறை 'சிங்க்' என்ற கட்டளை திரையில் வரிசையாக நின்றது. நினைவில் வைத்திருப்பதையெல்லாம் டிஸ்க்கில் இறக்கிவை என்று கெர்னலுக்குச் சொல்லும் கட்டளை அது. அணைப்பதற்கு முன் அதை மூன்று முறை அடிப்பது பழைய ஆட்களின் விரலில் ஊறிய பழக்கம். காலையிலிருந்து ஒவ்வொரு தடவையும், தனக்கே தெரியாமல், பெட்டியிடம் முறையாகச் சொல்லிக்கொண்டுதான் அதைக் கொன்றுகொண்டிருந்தார். பெட்டியும் எல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்துவைத்துவிட்டுச் செத்துக்கொண்டிருந்தது. பிறகு எப்படிக் கெடும்?

அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அலாமா" என்று தலையில் அடித்துக்கொண்டார். "இடி என்ன, சொல்லிட்டா விழுந்துச்சு?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. விசைப்பலகையை அவரிடமிருந்து பிடுங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். அப்படியும் அவர் இடது கை காற்றில் துழாவியது. கடைசியில் அதை முதுகுக்குப் பின்னால் மடக்கிவைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பையனைப் போல நின்று சுவிட்சைத் தட்டினார். முதல் தடவை திறந்தது. அடுத்த தடவை, பெட்டி எழுந்து, யோசித்து, மவுண்ட் தோல்வி என்றது. டாக்டரம்மா காலையில் திரையைப் போனில் படம் பிடித்து அனுப்பியிருந்தாரே, அதில் இருந்த அதே வரி. இருவரும் கத்திய கத்தில் பக்கத்து அறையிலிருந்தவர்கள் ஏதோ விபத்து என்று ஓடிவந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் உண்மையான பதற்றம் தொடங்கியது. நடுவிலிருக்கும் ஒரு கெர்னலை ஏற்றி, வெட்டிப் பார்க்கவேண்டும். தோற்றால் குற்றவாளி அதற்கு முன்னால் இருக்கிறான், பிழைத்தால் பின்னால். தோல்வியை நம்பலாம். பிழைப்பதை நம்ப முடியாது, அது வெறும் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். ஒரு தடவை ஏமாந்தால் தவறான பாதியில் இருட்டும்வரை அலையவேண்டியதுதான். ஆகவே பிழைத்த ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப வெட்டினோம். "போதுமா?" என்பார். "இன்னொண்ணு அண்ணே" என்பேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தட்டுவார். சன்னலுக்கு வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தோட்டத்து மனிதரின் முகம் எனக்குத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு தட்டலுக்கும் அவர் நெஞ்சுதான் என் கண்முன் வந்தது.

பிடிபட்டது ஒரே ஒரு வரி. அந்தக் குறிப்பு மூலை வட்டமாக எழுதப்படுவது; முனைக்கு வந்ததும் எழுத்து மறுபடி தொடக்கத்துக்குத் திரும்பும். எங்கோ யாரோ ஒருவர், பாதுகாப்புக்காக என்று நல்ல மனதோடு சேர்த்த ஒரு சோதனை, அப்படித் திரும்பிவந்த குறிப்பைக் கெட்டுப்போனது என்று தள்ளிவிட்டது. நான் திருத்தினேன். தோற்றுப்போய்க் கிடந்த எங்கள் பெட்டி திறந்தது, பாதியில் நின்ற படங்கள் ஒன்று குறையாமல் இருந்தன. திருத்திய கெர்னலை ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு அண்ணன் காரில் கிளம்பினோம். கடல் பாலத்தில் வேலைவிட்டுப் போகிற கூட்டம் அசையவில்லை. "ஏறிப் பறக்கவா முடியும்?" என்று ஸ்டீயரிங்கைக் குத்தினார். அந்த நெரிசலில்தான் இயக்குநரின் அழைப்பு ஸ்பீக்கரில் வந்தது. படம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், காரணம் இடி என்று சொல்லிவிடுங்கள். நம் கெர்னலைப் பற்றிப் பேச்சு எடுக்கவேண்டாம் என்றார். அண்ணன் பதிலுக்கு ஹாரனை அழுத்தினார். ஆனால் மூன்று தடவை "வரட்டா பாஸ்" சொல்லித்தான் வைத்தார்.

கிளினிக்கில் பிளாஸ்டிக் நாற்காலியில் அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். தோளில் துண்டு, காலில் ரப்பர் செருப்பு. மகள் அவருடைய ஆஸ்பத்திரிப் பையை மடியில் வைத்திருந்தாள். அண்ணன் கெர்னலை ஏற்றினார். மவுண்ட் கட்டளையை அடித்துவிட்டு, என்டரைத் தட்டாமல் என் முகத்தைப் பார்த்தார். "தட்டுங்க அண்ணே" என்றேன். தட்டினார். சில நொடிகள் திரை மௌனமாக இருந்தது. பிறகு அடுக்குகள் ஒவ்வொன்றாக வந்தன, பழைய வருடங்களும் வந்தன. டாக்டரம்மா பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார். இரண்டு தடவை அளந்தார்.

"டாக்டர், வெட்டணுமா?" என்றார் அந்த மனிதர்.

"வேணாம்யா. அதே அளவுதான். வருஷா வருஷம் வந்து காட்டிட்டுப் போங்க, போதும்."

அவர் தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மகள் பையைக் கட்டிக்கொண்டு அழுதாள். டாக்டரம்மா எங்கள் பக்கம் திரும்பி, "இடியாலதானே இப்படி ஆச்சு?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். அண்ணன், "இல்ல டாக்டர். இடி சும்மா தொட்டுச்சு, அவ்வளவுதான். தப்பு எங்க அப்டேட்ல. மத்த கிளினிக்குக்கும் இன்னைக்கே சொல்லிருவேன்" என்றார். சொன்னபடியே, திரும்பும் வழியில் ஓரமாகக் காரை நிறுத்தி, ஒவ்வொரு கிளினிக்காகக் கூப்பிட்டு, திருத்திய கெர்னல் வந்து சேரும்வரை பெட்டியை அணைக்காமல் வைக்கச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் மூன்று வரட்டா.

சில மாதங்கள் கழித்து ஆள்குறைப்பு என்றார்கள். முதல் பெயர் அவருடையது. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று இயக்குநர் சொன்னார். நான் நம்பவில்லை, இன்றுவரை நம்பவில்லை. நான் கூட்ட அறையிலிருந்து வெளியே வந்தபோது அவர் நாற்காலி காலியாக இருந்தது. அலுவலக அட்டையை வாங்கிக்கொண்டு, காவலாளியோடு லிஃப்டுக்கு அனுப்பிவிட்டார்கள். யாரிடமும் பேசக்கூடாதாம். அவருடைய கணினியைச் சுவர் சுவிட்சிலேயே அணைத்திருந்தார்கள். ஒரு இயந்திரத்தைக்கூடச் சொல்லிக்கொள்ளாமல் அணைக்கத் தெரியாத மனிதரை அப்படி அனுப்பினார்கள். சாயங்காலம் போன் செய்தேன். "உங்கள்ட்டல்லாம் சொல்லிட்டு வர விடலமா" என்றார். அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் உடைந்தது.

இப்போது அண்ணன் தன் தம்பியின் கடையில் இருக்கிறார். போனால் குழம்பை அள்ளி ஊற்றிவிட்டு, வாசல்வரை வந்து வழியனுப்புவார். அந்த டாக்டரம்மா வருடா வருடம் அவருக்குத்தான் செய்தி அனுப்புகிறார், எங்கள் நிறுவனத்துக்கு இல்லை. அண்ணன் அதை எனக்கு அனுப்புவார். போன வாரமும் வந்தது: "அதே அளவுதான்மா." அப்போது ஒரு புதிய கெர்னல் சோதனையில் இருந்தது. போனை வைத்துவிட்டு, இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு, சிவப்பு சுவிட்சைத் தட்டினேன்.